எண்பத்தைந்து

பெரும்பாக்கத்தில் எட்டு மாடிகளின் நிழல்
பத்தரை மணிக்கே பள்ளி மைதானத்தைக் கைவிட்டுவிடும்.
இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டோம், அது நாற்காலி.
டார்ச் பிடிப்பவர் வாட்ச்மேன் தயாளன்.
டாக்டர் ஃபாஸிலா வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல
எழுதுகிறவள் நான்.

பால்பற்களுக்கு எண்தான்.
ஐம்பத்தொன்றில் தொடங்கி எண்பத்தைந்தில் முடியும்.
நடுவில் சில எண்கள் கிடையாது,
இந்த ப்ளாக்குகளின் கதவு எண்கள் மாதிரி.

"ஐம்பத்தொன்று, சொத்தை.
ஐம்பத்திரண்டு, சொத்தை.
அறுபத்தொன்று, வேர் மட்டும்."

சொத்தைக்குப் படிவத்தில் ஒரேயொரு கட்டம்.
அச்சுக்குக் கொடுத்தவர்
தன் பிள்ளையின் வாயை நினைத்திருக்கலாம்.
நான் ஓரத்தில் எழுதினேன்,
பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில்.

மூன்றாம் வகுப்பு முழுக்க நாக்கு நீலம்.
கேட்டுக்கு வெளியே இரண்டு ரூபாய் மிட்டாய்,
அதே கடையில் ஒரு கொய்யா பதினைந்து.
இந்தக் கணக்கு
கணக்கு வராத பிள்ளைக்கும் வரும்.

"பால் பல்லுதானே டாக்டர், விழுந்துடும்."
வரிசைக்கு ஒருவராவது சொல்கிறார்கள்.
விழும்தான்.
அதுவரைக்கும் சோற்றை எதால் மெல்வது?
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோ என்று
எந்தப் பல்லை நம்பிச் சொல்வது?

ஜோவிதாவுக்கு ஏழு வயது.
வகுப்பில் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி.
அவள் தூங்குவதில்லை என்பதை
டீச்சர் போன வாரம்தான் கண்டுபிடித்தாராம்:
வலிக்கிற கன்னத்தைச் சில்லென்ற தரையில் வைத்துக்கொண்டு
கண் திறந்தே கிடக்கிறாள்.

"எழுபத்தைந்து, ஆழம்.
எண்பத்தைந்து..."
டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார்.
"எண்பத்தைந்து, சீழ்."

வாயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
என் தாளை எட்டிப் பார்த்தாள்.
"அக்கா, எனக்கு எம்பத்தஞ்சா?"

ஆமாம் என்றேன்.
எண் சரிதானே.

ஓடினாள்.
"டேய் ரோகித்து, நான் எம்பத்தஞ்சுடா!"
ரோகித் வரிசையை உடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து
வாயை அகலத் திறந்தான்,
தனக்கு இன்னும் கூடுதலாக வருமென்று.

மதியத்துக்குள் இருநூற்றுப் பதினோரு வாய்.
ஒன்றும் எழுதாமல் விட்டது முப்பத்தெட்டுத் தாளில்.
நடுவில் என் நாக்கு தானாகப் போய்
கடைவாயில் ஏழாயிரம் ரூபாய்த் தொப்பியைத் தடவிப் பார்த்தது.
வழவழவென்று இருந்தது.

நாலரைக்கு அவள் அம்மா வந்தார், ஸ்டெல்லாமேரி,
சோழிங்கநல்லூர்க் கண்ணாடிக் கட்டடத்தின் நீல யூனிஃபார்மில்,
இடுப்பில் சின்னது, அதன் வாயில் பாட்டில்.
"நெசமாவா மேடம், எம்பத்தஞ்சா?"
சிரிப்பைக் கையால் மூடிக்கொண்டார்.
அது வெட்கமில்லை.
அந்தக் கைக்குப் பின்னாலும்
யாரும் எழுதாத ஒரு தாள் இருந்தது.

சொன்னேன்.
கை மெதுவாக இறங்கியது.

"ராத்திரில இது அழுதா பக்கத்து வூட்ல செவுத்த தட்றாங்க.
சக்கர கலந்த பால வாயில வச்சா அடங்கிடும்.
பெரிசுக்கும் அப்டித்தான் பண்ணேன்.
நாலு மணிக்கு எந்திரிக்கணுமே மேடம்."
பாட்டில் கூடாது என்கிற நோட்டீஸ் கட்டு
என் பக்கத்தில்தான் இருந்தது.
ஒன்றை எடுத்து,
அதன் மேலேயே பேனாவை வைத்தேன்.

சீட்டில் எழுதினேன்: அரசு பல் மருத்துவமனை, பாரிமுனை.
இரண்டு பஸ் மாறணும்.
பெண்களுக்கு டிக்கெட் இல்லை.
நாளுக்கு உண்டு: நானூற்றைம்பது ரூபாய்,
சூப்பர்வைசரிடம் ஒரு பொய்,
காலை எட்டுக்கு முன் டோக்கன்.

"போறேன் மேடம், கண்டிப்பா" என்று
செல்போன் உறையைப் பிரித்து
சீட்டை நாலாக மடித்து உள்ளே வைத்தார்.

உள்ளே
போன வருஷத்துச் சீட்டு ஏற்கெனவே இருந்தது,
நாலாக மடித்து, என் கையெழுத்தில்.